ஒரு புள்ளி கோடாகிப் போன கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் தங்கையின் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த வாரம் பரீட்சை. தரவுத் தொடர்பும் கணினி வலையமைப்பும் என்று ஒரு பாடம். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன்" என்று ஏழு அடுக்குகளையும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சரித்தா, இதுல டேட்டா லிங்க்னு சொன்னியே, அது என்ன வேலை பாக்குது?" என்று கேட்டேன்.

"அது ரெண்டாவது லேயர் தாத்தா."

"ரெண்டாவதுன்னு தெரியுது. என்ன வேலை பாக்குது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனென்றால் 1998-இல் பிளஸ் டூ மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் இதே லட்சணத்தில்தான். பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஆள் இல்லை. "சார், நீங்க கணக்கு வாத்தியார், கம்ப்யூட்டரும் கணக்குதானே" என்று தலைமையாசிரியர் அந்த வகுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். நீங்கள் நாளைக்குப் படிக்க வேண்டிய பக்கத்தை நான் இன்றைக்கு ராத்திரி படித்துவிட்டு வருவேன். ஏழு அடுக்குகளையும் கரும்பலகையில் ஏணி மாதிரி வரைந்து, கீழிருந்து மேலாக மனப்பாடம் செய்யச் சொன்னேன். செய்தீர்கள். மதிப்பெண்ணும் வாங்கினீர்கள். அந்த பேட்சில் இன்று சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த இரண்டாவது அடுக்கு என்ன வேலை பார்க்கிறது என்பது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதற்கு நாங்கள் கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் வகுப்பில் சொல்லத் தோன்றவில்லை. அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ரயில்வேயில் சிக்னலராக இருந்தவர். திண்டுக்கல்லுக்கும் திருச்சிக்கும் நடுவில், தாமரைப்பாடி, வடமதுரை, அய்யலூர், வையம்பட்டி, மணப்பாறை என்று நீளும் அந்த மீட்டர் கேஜ் பாதையில்தான் அவர் காலம் கழிந்தது. தந்திக் கருவி எழுப்பும் கட்டு கட கட்டு சத்தத்தைக் காதால் கேட்டே கையால் எழுதுவார். சாப்பிடும்போதுகூட விரல் தட்டை மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். அம்மா, "சோத்துக்குத் தந்தி அடிக்காதீங்க" என்பார்.

1968-ஆம் வருஷம். எனக்குப் பதினாலு வயது. எங்கள் அப்பத்தா திருச்சியில் அத்தை வீட்டில் இருந்தார். வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் தந்திச் சேவகர் சைக்கிளை நிறுத்தினார். அந்தக் காலத்தில் தந்தி என்றாலே சாவுச் சேதிதான். காகிதத்தைப் பிரிக்கும் முன்பே அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒப்பாரிக்குத் தயாராகிவிடுவார்கள். ஆனால் வந்தது சாவுச் சேதி இல்லை. "மதர் ஆபரேஷன் 18 கம்" என்று நாலே சொல். அன்று தேதி 15. அப்பா லீவு எழுதிக்கொடுத்தார். மாற்று ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டது 17-ஆம் தேதி மதியம். சாயங்கால வண்டியில் கிளம்பி ராத்திரி திருச்சி போய்ச் சேர்ந்தோம். ஆபரேஷன் அன்று காலையிலேயே முடிந்திருந்தது. அப்பத்தா பிழைக்கவில்லை. உள்ளே கொண்டுபோகும்போது "பெரியவன் வந்துட்டானா?" என்று இரண்டு தரம் கேட்டாராம்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, அத்தை எழுதிக்கொடுத்த தாளின் நகலையும் எங்களுக்கு வந்த தந்தியையும் அப்பா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அத்தை எழுதியது 17. எங்களுக்கு வந்தது 18.

யாரையும் திட்டவில்லை. ஒரு பென்சிலை எடுத்துக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். மோர்ஸ் முறையில் ஏழு என்றால் கோடு, கோடு, புள்ளி, புள்ளி, புள்ளி. எட்டு என்றால் கோடு, கோடு, கோடு, புள்ளி, புள்ளி. நடுவில் உள்ள ஒரே ஒரு புள்ளி கோடாகியிருக்கிறது. விரல் கண்ணிமைக்கும் நேரம் கூடுதலாக அழுந்தியிருக்கலாம், அல்லது கேட்டவர் காதில் அப்படி விழுந்திருக்கலாம். "நானும் எத்தனை பேருக்கு இப்படிப் பண்ணேனோ" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

நம் நாட்டில் தந்தியைக் கொண்டுவந்தவர் ஒரு டாக்டர். வில்லியம் ஓஷாக்னசி என்ற அயர்லாந்துக்காரர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். காலரா நோயாளியின் ரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும்தான் குறைந்துபோகிறது, அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று 1830-களின் தொடக்கத்திலேயே சொன்னவர். இன்று ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றுகிற சலைன் பாட்டிலுக்கு அவருடைய ஆராய்ச்சியும் ஒரு மூலம். அதே மனிதர் 1839-இல் கல்கத்தாவில் மைல் கணக்கில் கம்பியை இழுத்துக் கட்டி, அதன் வழியே மின்சாரத்தால் சேதி அனுப்பிப் பார்த்தார். அரசாங்கம் பத்து வருஷத்துக்கு மேல் கண்டுகொள்ளவில்லை. டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகுதான் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை ஒரு சோதனைப் பாதைக்கு அனுமதி கிடைத்தது. அது 1851-இல் வேலை செய்யத் தொடங்கியது. 1853 நவம்பரில் பெரிய வேலை ஆரம்பமாகி, 1855-க்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், பெஷாவர், மதராஸ் எல்லாம் ஒரே கம்பியில் கோக்கப்பட்டுவிட்டன. வேகத்தை நினைத்துப் பாருங்கள். இன்று நம் ஊரில் ஒரு சாக்கடைக்குப் பள்ளம் தோண்டி மூடவே அதில் பாதிக் காலம் ஆகிறது.

தந்தி என்ற சொல்லையும் பாருங்கள். வீணையின் நரம்புக்கும் யாழின் நரம்புக்கும் நாம் வைத்திருந்த பெயர். கம்பி வழியே போகும் சேதிக்கு அதையே எடுத்து வைத்தார்கள். பிறகு சேதி என்ற பொருளே அதற்கு நிலைத்துவிட்டது. 1942-இல் மதுரையில் ஆதித்தனார் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரும் தந்திதான்.

1875-இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. தண்டவாளம் போன இடமெல்லாம் பக்கத்திலேயே தந்திக் கம்பமும் போனது. ரயிலுக்குத் தந்தி அலங்காரம் இல்லை, உயிர்நாடி. ஒற்றைப் பாதை. அம்பாத்துரையிலிருந்து ஒரு வண்டியும் திண்டுக்கல்லிலிருந்து ஒரு வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பினால் என்ன ஆகும்? ஆகவே ஒரு நிலையம் அடுத்த நிலையத்தைக் கேட்க வேண்டும், "பாதை காலியா, வண்டியை அனுப்பலாமா?" அந்த நிலையம் "காலி, அனுப்பு" என்று சொன்னால்தான் அனுப்பலாம். வெறும் வாய்ச்சொல் போதாது. ஒவ்வொரு நிலைய அதிகாரியிடமும் ரகசிய எண்கள் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கும். சம்மதம் சொல்லும்போது அதிலிருந்து ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். நாளைக்கு, நான் சொல்லவே இல்லை என்று யாரும் கைவிரிக்க முடியாது.

அதற்கு மேல் நீல்ஸ் டோக்கன் கருவி என்று ஒன்று. உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். வண்டி நிலையத்தைக் கடக்கும்போது ஒரு பெரிய பிரம்பு வளையத்தை ஓட்டுநர் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். அந்த வளையத்தில் தொங்கும் தோல்பையில் பந்து போல ஒரு உலோக உருண்டை இருக்கும். அதுதான் டோக்கன். இரண்டு பக்கத்து நிலையங்களிலும் உள்ள கருவிகள் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு உருண்டை வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பிப் போகும் வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வராது. உருண்டை கையில் இல்லாமல் வண்டி பாதையில் நுழையக் கூடாது.

1985-இல் ஐபிஎம் கம்பெனி டோக்கன் ரிங் என்ற பெயரில் கணினி வலையமைப்பு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே கம்பியைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும். டோக்கன் யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், பேசி முடித்ததும் அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். 1998 பேட்ச், இதை நான் உங்களுக்கு ஒரு வட்டம் போட்டு, பெயரை மட்டும் எழுதிப்போட்டுவிட்டுப் போனேன். திண்டுக்கல் ரயிலடிக்கு உங்களை ஒருநாள் கூட்டிப் போயிருந்தால் வாழ்நாளுக்கும் மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, 17 எப்படி 18 ஆனது? தந்தி அலுவலகங்கள் சும்மா இருந்தனவா? இல்லை. ஒவ்வொரு தந்தியின் தலையிலும் அது புறப்பட்ட ஊர், எண், தேதி, நேரம், மொத்தம் எத்தனை சொல் என்று அனுப்புவார்கள். வாங்குபவர் எழுதி முடித்ததும் சொற்களை எண்ணிப் பார்ப்பார். கணக்கு இடித்தால், "திரும்பச் சொல்" என்று கேட்பார். இன்று கணினிகள் ஒவ்வொரு சேதியின் வாலிலும் ஒட்டி அனுப்புகிற சரிபார்ப்பு எண்ணுக்கு இது தாத்தா. ஒரு சொல் விழுந்துபோனால் கண்டுபிடித்துவிடும். ஒரு சொல் வேறு சொல்லாக மாறினால்? நாலு சொல் நாலு சொல்லாகவே இருக்கும். எங்கள் தந்தியில் கணக்கு சரியாக இருந்தது. தப்பு அதற்குள்ளே உட்கார்ந்திருந்தது.

இந்தச் சிக்கலைக் கணக்காக எடுத்துக்கொண்டு தீர்த்தவர்கள் அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். 1948-இல் கிளாட் ஷானன் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சேதியின் பொருள் என்ன என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. எந்தச் சேதியையும் ஆம், இல்லை என்ற இரண்டே விடைகளாக உடைக்கலாம் என்றார். அந்த ஒற்றை விடைதான் பிட். கம்பியில் இரைச்சல் இருக்கத்தான் செய்யும், ஆனாலும் சேதியில் கொஞ்சம் உபரியைச் சேர்த்து அனுப்பினால் தப்பை வேண்டிய அளவு குறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு நிரூபித்தார். ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய பாதி உபரி என்பதும் அவர் போட்ட கணக்கு. நம் தமிழிலும் அப்படித்தான். "திண்டுக்க" என்று எழுதிவிட்டுப் பேனா மை தீர்ந்துபோனாலும் கடைசி எழுத்து என்ன என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். எண்ணுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஏழு எட்டானால் அதுவும் நல்ல எண்தான்.

இதை நம் பெரியவர்கள் தெரிந்துதான் வைத்திருந்தார்கள். பத்திரம் எழுதும்போதும் காசோலை எழுதும்போதும் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோமே, அது எதற்கு? திருச்சி தந்திக்குப் பிறகு அப்பா யாருக்குத் தந்தி கொடுத்தாலும் தேதியை எழுத்தில்தான் எழுதினார், செவன்டீன்த் என்று. அதில் ஒரு எழுத்து பிசகினாலும் படிப்பவர் சரியாகப் புரிந்துகொள்வார். ஷானன் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

அதே ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்று ஒருவர். வார இறுதியில் கணக்குகளை ஒரு இயந்திரத்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போவார். இயந்திரம் நடுவில் ஒரு தப்பைக் கண்டால் அந்தக் கணக்கை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. மனிதருக்கு எரிச்சல். தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியாதா என்று யோசித்தார். 1950-இல் வழியை வெளியிட்டார்.

அந்த வழியின் அடிப்படையை ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபம். மார்க் ரிஜிஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் குறுக்கே ஒரு கூட்டல், ஒவ்வொரு பாடத்துக்கும் நெடுக்கே ஒரு கூட்டல். ஏதோ ஒரு கட்டத்தில் 17-ஐ 18 என்று எழுதிவிட்டேன் என்று வையுங்கள். ஒரு குறுக்குக் கூட்டல் ஒன்று கூடி வரும், ஒரு நெடுக்குக் கூட்டலும் ஒன்று கூடி வரும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் விரலை வைத்தால் தப்பு அங்கேதான். திரும்பக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, இங்கிருந்தே திருத்திவிடலாம். முப்பத்தைந்து வருஷம் ரிஜிஸ்டர் கூட்டியிருக்கிறேன். அது இத்தனை பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேத்தி இதைக் கேட்டதும் பாடப் புத்தகத்தைப் புரட்டி, "தாத்தா, இருபரிமாணப் பாரிட்டி!" என்றாள். என்னமோ ஒரு பெயர்.

அடுத்தது பொட்டலம்.

ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் மண்டிக்காரர்கள் அந்தக் காலத்தில் விலை விசாரிக்க டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்துக் கிடப்பார்கள். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம், மூன்று கட்டணம். கால் கிடைத்துவிட்டால் அந்த ஊர் வரைக்கும் ஒரு கம்பி முழுவதும் உங்களுடையது. நீங்கள் பேசினாலும் சரி, அந்தப் பக்கம் "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று மூன்று நிமிஷம் போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாலும் சரி, வேறு யாரும் அதைத் தொட முடியாது. கணினிகள் பேசுவதற்கு இது ஒத்துவராது. அவை ஒரு நொடி கொட்டும், பத்து நொடி சும்மா இருக்கும்.

1960-களின் நடுவில் அமெரிக்காவில் பால் பாரன், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்ற இரண்டு பேர், ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாமலே, ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். சேதியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டு. ஒவ்வொன்றின் மேலும் போய்ச் சேர வேண்டிய முகவரியையும் வரிசை எண்ணையும் எழுது. எந்த வழி காலியோ அதில் ஏற்றிவிடு. அங்கே போனதும் வரிசைப்படி அடுக்கிக்கொள்ளட்டும். அதே ஒட்டன்சத்திரத்தில் ஒரு வியாபாரியின் முருங்கைக்காய் மூட்டைகள் ஒரே லாரியில்தான் போகுமா? நாலு லாரியில், நாலு பேர் சரக்கோடு கலந்து போகும். மூட்டையின் மேல் போட்ட குறியைப் பார்த்து அந்த ஊரில் பிரித்துக்கொள்வார்கள். ஒரு லாரி வழியில் நின்றுபோனாலும் மற்ற மூட்டைகள் போய்ச் சேர்ந்துவிடும். பாரனுக்கு வேறு கவலை. அணுகுண்டு விழுந்து பாதி ஊர் அழிந்தாலும் மிச்சமுள்ள கம்பிகள் வழியே சேதி போக வேண்டும். டேவிஸ்தான் அதற்குப் பாக்கெட் என்று பெயர் வைத்தார்.

1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு மையத்துக்கு முதல் சேதி போனது. "லாகின்" என்ற சொல்லை அனுப்ப நினைத்தார்கள். எல், ஓ என்று இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. இன்று உலகமே தொங்கிக்கொண்டிருக்கும் இன்டர்நெட்டின் முதல் சேதியே பாதியில் நின்றதுதான். எனக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு.

இங்கேதான் என் மனத்தில் பல வருஷமாகக் கிடந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது. அத்தையின் தந்தி ஒரே தாவலில் எங்கள் ஊருக்கு வந்துவிடவில்லை. நடுவில் உள்ள அலுவலகத்தில் ஒருவர் கேட்டு எழுதி, அதைப் பார்த்து இன்னொருவர் மறுபடி அடித்து, அப்படித்தான் வந்தது. ஒவ்வொரு தாவலிலும் சொற்களை எண்ணினார்கள், சரியாக இருந்தது. அப்படியானால் பொறுப்பு யாருடையது?

வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இருவர் 1974-இல் வெளியிட்ட முறைதான் இன்றுவரை நடக்கிறது. 1983 ஜனவரி 1 அன்று அந்த அமெரிக்க வலையமைப்பு முழுவதும் அதற்கு மாறியது. அதில் நடுவழியில் இருப்பவர்களை நம்பி எதுவும் விடப்படவில்லை. அவர்களால் முடிந்தவரை பொட்டலத்தைத் தள்ளிவிடுவார்கள். அது தொலையலாம், கெடலாம், முன்பின்னாக வரலாம். சரியாக வந்ததா என்று பார்ப்பது கடைசி இரண்டு முனைகளின் வேலை. பேச்சைத் தொடங்கும் முன், "பேசலாமா?" என்று ஒரு முனை கேட்கும். "பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?" என்று மறுமுனை சொல்லும். "கேட்கிறது" என்று இது சொன்ன பிறகுதான் சரக்கு நகரும். அப்பாவும் அடுத்த நிலையத்து அதிகாரியும் பாதை காலியா என்று கேட்டுக்கொண்ட அதே பேச்சு. பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் "வந்து சேர்ந்தது" என்று பதில் வர வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால் அனுப்பியவர் தானாகவே மறுபடி அனுப்ப வேண்டும். நடுவழியில் எத்தனை காவல் போட்டாலும் முனைக்கு முனை சரிபார்க்காமல் நிச்சயம் கிடையாது என்று சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற மூவர் 1984-இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். ஏழு அடுக்கு ஏணி உலகத் தர அமைப்பின் முத்திரையோடு அச்சேறியதும் அதே 1984-இல்தான். அச்சில் ஏணி ஜெயித்தது. நடைமுறையில் செர்ஃப், கான் முறை ஜெயித்தது. பரீட்சையில் மட்டும் இன்னும் ஏணிதான் கேட்கிறார்கள்.

அத்தையிடம் அப்பா திரும்பக் கேட்கவில்லை. "பதினெட்டாம் தேதிதானே?" என்று ஒரு பதில் தந்தி. மூன்று நாள் இருந்தது, போதுமான அவகாசம்தான். அடுத்த நிலையத்திடம் கேட்காமல் ஒரு சரக்கு வண்டியைக்கூட அனுப்பாத மனிதருக்கு, தன் வீட்டு விஷயத்தில் கேட்கத் தோன்றவில்லை. தந்தியில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார். அதன்பிறகு அவர் சாகும்வரை, முக்கியமான கடிதம் எது வந்தாலும், "நீ எழுதிய இன்ன தேதி, இன்ன கிழமை என்று புரிந்துகொண்டேன்" என்று உடனே ஒரு கார்டு போட்டுவிடுவார். கல்யாணப் பத்திரிகைக்குக்கூடப் போடுவார். சொந்தத்தில் எல்லாரும் சிரித்திருக்கிறீர்கள். காரணம் இதுதான்.

நம் நாட்டுக் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1986-இல் எர்நெட் என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐஐடி உட்பட ஐந்து ஐஐடிகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் நுட்ப மையம், டில்லியில் மின்னணுவியல் துறை என எட்டு இடங்கள். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் பணம் அதில் இருந்தது. முதலில் சாதாரணத் தொலைபேசிக் கம்பியில்தான் மின்னஞ்சல் போய்வந்தது. அதே காலத்தில் நிக்நெட் என்ற பெயரில் செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களை இணைத்தார்கள். நம் திண்டுக்கல் தனி மாவட்டமானதே 1985 செப்டம்பரில்தான். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டை விஎஸ்என்எல் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15. சில பெருநகரங்களில் மட்டும். நம் ஊருக்கு பிரவுசிங் சென்டர்கள் வந்து, பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து ரிசல்ட் பார்த்ததெல்லாம் அதற்குச் சில வருஷம் கழித்து. மோடம் கூவிக் கத்தித் தொடர்பு கொள்ளுமே, அந்தச் சத்தம் நினைவிருக்கிறதா? இரண்டு முனைகளும் "என்ன வேகத்தில் பேசலாம்?" என்று பேரம் பேசிக்கொண்ட சத்தம் அது.

சிங்கப்பூர் மாணவர்களே, உங்களுக்காக ஒரு தகவல். 1870-71 வாக்கில் மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் தந்திக் கேபிள் போட்டார்கள். கட்டாபர்ச்சா என்ற மலாய்க் காட்டு மரத்தின் பாலைச் செப்புக் கம்பிக்குப் போர்வையாகச் சுற்றியிருந்தார்கள். 2002-இல் பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து அதே சென்னையிலிருந்து அதே சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கேபிள் போட்டார்கள். நீங்கள் அம்மாவிடம் வீடியோவில் பேசும்போது, "கேக்குதாம்மா? கேக்குதா?" என்று கத்துகிறீர்களே, அந்தக் குரலும் கடலுக்கடியில் இப்படியொரு பழைய தடத்தில்தான் வந்துபோகிறது. தரையிலும் அப்படியே. 2000-இல் தொடங்கிய ரயில்டெல் கண்ணாடி இழையைப் பதித்தது தண்டவாளத்தின் ஓரமாகத்தான். அப்பா காலத்துத் தந்திக் கம்பங்கள் நின்ற வழி அது.

தந்தி 2013 ஜூலை மாதம் நின்றுபோனது. 14-ஆம் தேதி கடைசி நாள் என்று அறிவித்ததும் பெரிய ஊர்களில் நினைவுக்காகத் தந்தி கொடுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நான் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கத்தில் கடைசி இலக்கம் உங்களுக்கானது இல்லை, முந்தைய பதினொன்றுக்கும் காவல். யாகோபஸ் வெர்ஹாஃப் என்ற டச்சுக் கணிதக்காரர் 1969-இல் வெளியிட்ட முறை அது. எந்த ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். ஏழு எட்டாகியிருந்தால் அந்த இடத்திலேயே பிடித்திருக்கும். எங்கள் தந்தி வந்தது 1968.

பேத்தி பரீட்சை எழுதிவிட்டு நேற்று போன் பண்ணினாள். டேட்டா லிங்க் அடுக்கின் பணிகள் யாவை என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்ததாம். "ரெண்டு பக்கம் எழுதிட்டேன் தாத்தா, ரயில் டோக்கன் கதையெல்லாம் எழுதிட்டேன், மார்க் போடுவாங்களா?" என்றாள். திருத்துகிறவர் எந்த ஊர்க்காரரோ!

அந்தத் தந்தித் தாள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. 18 என்பதன் பக்கத்தில் பென்சிலால் மூன்று புள்ளியும் இரண்டு கோடும் தெரிகிறதா, அது அப்பாவின் கை.